சார்ஜர் செருகியிருந்தும் அணைந்துபோன லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழுதுக்கு வந்தது 15.6 அங்குலத் திரை கொண்ட லேப்டாப். இன்டெல் கோர் ஐ5-8250யு ப்ராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளே பொருத்திய 3 செல் பேட்டரி, 11.4 வோல்ட், 42 வாட்-மணி. அடாப்டர் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், அதாவது 65 வாட். ஐந்து வருடம் ஓடிய மெஷின். புகார் ஒரே வரிதான்: "திடீர் திடீர்னு ஆஃப் ஆயிடுது."

வருவதற்கு முன்பே இரண்டு வேலைகள் நடந்திருந்தன. ஃபேனைத் துடைத்து, ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியிருந்தார்கள். அதில் சரியாகவில்லை என்றதும் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் நாளே மறுபடி அணைந்தது.

லேப்டாப் திடீரென அணைகிறது என்றாலே "ஹீட் ஆகுது" என்று பேஸ்ட்டைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. சூடும் ஒரு காரணம்தான். ஆனால் சூட்டால் அணையும் மெஷின் அதற்கான தடயத்தை விட்டுவிட்டுத்தான் அணையும். அந்தத் தடயம் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடியைத் திறந்தால் வேலை வீணாவது ஒரு பக்கம். விண்டோஸை அழிப்பது அதைவிடப் பெரிய நஷ்டம், ஏனென்றால் விண்டோஸ் தானாக எழுதிச் சேர்த்த பதிவுகளும் கூடவே போய்விடுகின்றன. இந்த மெஷினில் மாதக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய சாட்சியம் அப்படித்தான் போனது. மிஞ்சியது புதிதாக ஏற்றிய பிறகான 11 நாள் பதிவு மட்டுமே. இந்தப் பழுதுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கேள்விகள்

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். "ஆஃப் ஆகுது" என்ற சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. அணைந்து அப்படியே கிடக்கிறதா, தானாகவே மறுபடி ஆன் ஆகிறதா? விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் நீலத் திரை ஒரு கணமாவது தெரிகிறதா? அணைவதற்கு முன் ஃபேன் சத்தம் கூடுகிறதா, மெஷின் மந்தமாகிறதா? சார்ஜரில் இருக்கும்போதா, பேட்டரியில் இருக்கும்போதா? எங்கே வைத்து வேலை செய்யும்போது?

கிடைத்த பதில்கள் இவை. தானாக ஆன் ஆவதில்லை. நீலத் திரை வந்ததே இல்லை. ஃபேன் இரைச்சலோ மந்தமோ இல்லை. கரண்ட் போனதுபோல ஒரே வெட்டு. பெரும்பாலும் வீடியோ மீட்டிங் நடக்கும்போதுதான். மேசையில் வைத்தால் அபூர்வம், மடியிலோ கட்டிலிலோ வைத்தால் அடிக்கடி. சார்ஜர் செருகியிருக்கும்போதுதான் அதிகம் அணைகிறது. அதனால் பேட்டரி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சார்ஜர் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு வந்த பதில்: "நாப்பது பர்சென்ட்ல நின்னுடும் சார். பேட்டரி பழசுன்னு எப்பவும் சார்ஜர்லயேதான் வெச்சிருப்பேன். ஆனா அறுபது எழுபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது."

மடி, கட்டில், வீடியோ மூன்றும் சேர்ந்தால் சூடு என்றுதான் தோன்றும். துணி காற்றுத் துளைகளை அடைக்கும், வீடியோ ப்ராசஸருக்கு வேலை கொடுக்கும். முதலில் பார்த்தவர் பேஸ்ட்டைத் தொட்டதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் மடிக்கு மாறும்போது காற்றோட்டத்தோடு இன்னொன்றும் மாறுகிறது: சார்ஜர் கம்பி இழுபடும் கோணம்.

பதிவேடு சொன்னது

விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து 41, 6008, 1074, 86, 105 ஆகிய எண்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். 41 என்பது, விண்டோஸில் மின்சாரத்தைக் கவனிக்கும் பகுதியான கெர்னல்-பவர் எழுதும் பதிவு. இதைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். "கெர்னல்-பவர் 41 எரர் வந்துதான் ஆஃப் ஆனது" என்கிறார்கள். மெஷின் அணையும்போது எழுதப்படும் பதிவு அல்ல இது. அடுத்த முறை ஆன் ஆகும்போது, "போன தடவை முறையாக மூடவில்லை" என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. 6008-ம் அதே வகைதான். எப்போது அணைந்தது என்பதற்கு இவை உதவும். ஏன் என்பதற்கு 41-ன் உள்விவரத்தைத் திறக்க வேண்டும்.

அங்கே பக்செக்-கோட் என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அது நீலத் திரை விழுந்த சாவு. டிரைவர், ராம், எஸ்எஸ்டி பக்கம் போக வேண்டும். அந்த எண் பதின்ம எண்ணாக எழுதப்பட்டிருக்கும். நீலத் திரை எண்களோடு ஒப்பிடும் முன் பதினாறடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பவர்-பட்டன்-டைம்ஸ்டாம்ப் வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் பவர் பட்டன் அழுத்தப்பட்டே இருந்திருக்கிறது என்று பொருள். தேநீர் சிந்திய கீபோர்டில் பவர் கீ ஒட்டிக்கொண்டு இப்படி ஆவதுண்டு. 86 இருந்தால் சூட்டின் எல்லை தாண்டியதால் விண்டோஸே மூடியது. 1074 இருந்தால் ஏதோ ஒரு நிரலோ அப்டேட்டோ முறைப்படி மூடச் சொல்லியிருக்கிறது, அது பழுதே அல்ல. பதிவில் ஒன்றுமே சிக்காமல், ஆன் செய்து சரியாக 30 நிமிடம் ஆனதும் கடிகாரம் வைத்ததுபோல அணைந்தால் பயாஸ் சிப்பில் (மெஷினை முதலில் எழுப்பும் நிரல் இருக்கும் சிப்) உள்ள இன்டெல் எம்இ என்ற உள்நிரல் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மதர்போர்டு வேலை. பேஸ்ட் போட்டும் தீராது, விண்டோஸ் மாற்றியும் தீராது.

இந்த மெஷினில் 11 நாளில் 41 ஒன்பது முறை. ஒன்பதிலும் பக்செக்-கோட் பூஜ்யம், பவர்-பட்டன்-டைம்ஸ்டாம்ப் பூஜ்யம். 86 ஒன்றுகூட இல்லை. ப்ராசஸர், ராம் கோளாறுகளை எழுதும் வியா-லாகர் பதிவும் இல்லை. அதாவது விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்காமல் கரண்ட் அறுந்திருக்கிறது.

பழுதைக் காட்டிக்கொடுத்தது 105. லேப்டாப் சார்ஜரிலிருந்து பேட்டரிக்கோ, பேட்டரியிலிருந்து சார்ஜருக்கோ மாறும் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் எழுதும் பதிவு அது. ஒருவர் நாளைக்கு இரண்டு மூன்று முறை சார்ஜரைச் செருகி எடுத்தால் 11 நாளில் நாற்பத்தைந்து, அறுபத்தைந்து இருக்கலாம். இங்கே 214 இருந்தன. அதிலும் கொத்துக் கொத்தாக, ஒரே நிமிடத்துக்குள் ஆறு, எட்டு என்று. ஒன்பது சாவுகளில் ஏழுக்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் இப்படி ஒரு கொத்து இருந்தது. உயிரை வாங்கிய அந்தக் கடைசி மாற்றம் பெரும்பாலும் பதிவில் இருக்காது. எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போயிருக்கும்.

சூட்டை விலக்குதல்

பதிவு இவ்வளவு சொன்ன பிறகும் சூட்டைச் சோதித்தே விலக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. பேட்டரி இல்லை என்று தெரிந்ததும் பல லேப்டாப்கள் ப்ராசஸர் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது வெப்பமும் ஏறாது, சோதனையும் பொய்யாகிவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும். மேசையில் வைத்து, சார்ஜர் கம்பியை நேராக நீட்டி டேப் போட்டு ஒட்டிவிட்டு, ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் ப்ரைம்95 நிரலை ஸ்மால் எஃப்எஃப்டி முறையில் 30 நிமிடம் ஓட்டியபடி, வெப்பமும் வோல்டேஜும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் அளவுகளைப் பார்க்க வேண்டும். அறை வெப்பம் 33 டிகிரி.

முதல் அரை நிமிட டர்போ வேகத்தில் 93 டிகிரி தொட்டது. பிறகு ப்ராசஸர் தன் 15 வாட் எல்லைக்கு இறங்கியதும் 74-ல் நின்றது. அடுத்த 20 நிமிடம் காற்று உள்ளே போகும் துளைகளை வேண்டுமென்றே துணியால் மூடினால் 89 வரை ஏறியது, ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, அணையவில்லை. இந்த ப்ராசஸரின் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். கட்டுப்படாமல் இன்னும் வெகுவாக ஏறி 130-ஐ நெருங்கினால்தான் ப்ராசஸரே மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். சில தயாரிப்பாளர்கள் அதற்கும் கீழே தங்கள் கன்ட்ரோலரில் ஓர் எல்லை வைத்திருப்பார்கள். எப்படியிருந்தாலும் சூட்டால் சாகும் மெஷின் மந்தம், இரைச்சல், கை வைத்தால் சுடும் கீபோர்டு என்று முன்னறிவிப்புகளைத் தந்துவிட்டுத்தான் சாகும். ஃபேனே நின்றுபோன மெஷின் என்றால் பயாஸ் திரையில் சும்மா விட்டாலும் சில நிமிடங்களில் அணைந்துவிடுவதுண்டு. இங்கே எதுவும் பொருந்தவில்லை. போட்டிருந்த பேஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது, அதைத் தொடவில்லை.

பேட்டரி: கொள்ளளவும் தடையும்

விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் வடிவமைத்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் கிடைக்கும். இங்கே 42,000-க்கு 23,900 மில்லிவாட்-மணி, 57 சதவீதம். ஐந்து வருடத்துக்கு இது இயல்பு. கொள்ளளவு குறைந்த பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். 5 சதவீதத்தை நெருங்கும்போது விண்டோஸ் முறைப்படி ஹைபர்னேட்டுக்கு, அதாவது திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும் நிலைக்கு, போக வேண்டும். 40 சதவீதத்தில் ஒரே வெட்டாக அணைவதற்குக் கொள்ளளவு காரணமாகாது. காரணம் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரியே உள்ளுக்குள் தரும் எதிர்ப்பு. அதை ரிப்போர்ட் காட்டாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். சார்ஜரை எடுத்துவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பேட்டரி வோல்டேஜும் டிஸ்சார்ஜ் வாட்டும் தெரியும்படி வைத்து, திரையைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே சுமை கொடுக்க வேண்டும். மெஷின் செத்த பிறகு கடைசி எண்கள் எங்கும் பதிவாகியிருக்காமல் போகலாம்; கைபேசி வீடியோவில் இருக்கும்.

41 சதவீதத்தில், சும்மா இருக்கும்போது 7 வாட், 11.0 வோல்ட். ப்ரைம்95 தொடங்கியதும் 30 வாட், 8.9 வோல்ட். அடுத்த கணம் திரை கறுத்தது. கணக்கு எளிது: 7 வாட்டில் ஓடியது 0.64 ஆம்பியர், 30 வாட்டில் 3.37 ஆம்பியர். 2.73 ஆம்பியர் கூடியதற்கு 2.1 வோல்ட் சரிந்திருக்கிறது. வகுத்தால் 0.77 ஓம். 8.9-ஐ மூன்று செல்லுக்குப் பகிர்ந்தால் சராசரி 3 வோல்ட்டுக்கும் சற்றுக் கீழே. மூன்றில் மெலிந்த செல் இன்னும் கீழே போயிருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை சராசரியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரு செல் எல்லையைத் தாண்டினாலும் மொத்த இணைப்பையும் அறுத்துவிடும். 41 சதவீதம் என்று திரை காட்டியது பொய்யும் அல்ல. மெதுவாக எடுத்தால் அவ்வளவு ஆற்றல் உள்ளே இருக்கிறது. ஒரேயடியாகக் கேட்டால் தர முடியவில்லை.

இரண்டு பழுதுகள் சேரும் இடம்

ஆனால் சார்ஜர் செருகியிருக்கும்போது பேட்டரி எப்படி இருந்தால் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பேட்டரி உண்டு, சுமை உண்டு, கம்பி அசையவில்லை: 30 நிமிடமும் ஓடியது. பேட்டரி உண்டு, சுமை இல்லை, ஜாக் (சார்ஜர் பிளக் செருகும் துளை) அருகே கம்பியை மேலும் கீழும் அசைத்தால் சார்ஜ் அடையாளம் மறைந்து மறைந்து வந்தது, மெஷின் அணையவில்லை. பேட்டரி உண்டு, சுமையும் உண்டு, கம்பியையும் அசைத்தால் நான்காவது அசைப்பில் ஒரே வெட்டு. அப்போது பேட்டரி 62 சதவீதம், ப்ராசஸர் 63 டிகிரி. கடைசியாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டி, சுமையே இல்லாமல் கம்பியைத் தொட்டாலும் அணைந்தது.

படம் தெளிவாகிவிட்டது. ஜாக்கில் தொடர்பு கணநேரம் விட்டுப்போகிறது. அந்தக் கணத்தில் மொத்தச் சுமையும் பேட்டரி மேல் விழுகிறது. நல்ல பேட்டரி என்றால் ஏந்திக்கொள்ளும், பயன்படுத்துபவருக்குத் தெரியவே தெரியாது. இங்கே முடியவில்லை. சார்ஜரில் இருக்கும்போது லேப்டாப் ப்ராசஸருக்கு அதிக வாட் அனுமதிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. கரண்ட் விட்டுப்போனதை உணர்ந்து அந்த அனுமதியைக் குறைப்பதற்குள், சார்ஜருக்கென்று ஒதுக்கிய 40 வாட் சுமை அப்படியே பேட்டரிக்கு வந்துவிடுகிறது. 0.77 ஓம் தடையுள்ள பேட்டரி பேக்கில் 62 சதவீதத்தில் 40 வாட் இழுத்தால் கணக்குப்படி வோல்டேஜ் 8-க்கும் கீழே போகும்.

மடியில் வைத்தால் கம்பி அசைகிறது. வீடியோவில் சுமை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தால் சாவு. சார்ஜ் அறுபது எழுபதைத் தாண்டாததும் இதே ஜாக்கால்தான். இரண்டு பழுதுகளில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் புகார் கொஞ்ச நாள் அடங்கிப் பிறகு திரும்பி வந்திருக்கும்.

ஜாக்

முதலில் எளியதைச் செய்தாக வேண்டும்: நல்லது என்று தெரிந்த இன்னொரு 65 வாட் அடாப்டரைப் போட்டு அசைத்தாலும் அதே நடத்தை. ஆக, அடாப்டர் இல்லை. அடாப்டரில் உள்ள சிறு விளக்கையும் கவனிக்க வேண்டும். லேப்டாப் அணையும் தருணத்தில் அந்த விளக்கும் அணைந்தால் ஷார்ட்டோ, அடாப்டரின் உள்பழுதோ இருக்கலாம். எரிந்துகொண்டே இருந்தால் தொடர்பு அதற்குப் பின்னால் எங்கோ அறுகிறது. இங்கே எரிந்துகொண்டே இருந்தது.

திறப்பதற்கு முன் அடாப்டரை எடுத்து, மெஷினை அணைத்து, திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து இழுங்கள். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்னேற்றம் வடிந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பவோ அழுத்தவோ கூடாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் திறக்கும் முன்பே அதைச் சந்தேகியுங்கள். இந்தப் பேக் உப்பவில்லை.

இந்த மாடலில் ஜாக் மதர்போர்டில் சோல்டர் செய்யப்பட்டதல்ல. குட்டைக் கம்பியோடு தனி உறுப்பாக வந்து பலகையில் செருகிக்கொள்கிறது. அது உட்காரும் பிளாஸ்டிக் தூண் வேரில் விரிசல் விட்டிருந்தது. பிளக்கை ஆட்டும்போதெல்லாம் ஜாக்கும் சேர்ந்து ஆடியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்திருக்கிறது. ஜாக்கின் வாய் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. அந்தப் பழுப்புக்கும் கணக்கு உண்டு. பேட்டரியைத் திரும்ப இணைத்து, சுமை கொடுத்து, பலகைப் பக்கக் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் கம்பி நேராக இருக்கையில் 19.3 வோல்ட். லேசாகத் தூக்கினால் 18.1. இன்னும் தூக்கினால் பூஜ்யம். 1.2 வோல்ட் ஜாக்கிலேயே விழுகிறது, 2.8 ஆம்பியர் ஓடும்போது அது 3 வாட்டுக்கும் மேல், ஒரு சின்னத் தகட்டின் முனையில். பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும். சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும், மில்லிவிநாடி அறுபடல்களைக் காட்டாது. மீட்டர் 19.3-ல் நிற்கிறது என்பதற்காக ஜாக் நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். ஓம் அளவில் வைத்து ஜாக்கைச் சோதிப்பதும் வீண். கரண்ட் ஓடும்போது விழும் வோல்டேஜ்தான் உண்மையைச் சொல்லும்.

மாற்றியது

ஜாக் கம்பித் தொகுதி புதிது. உடைந்த தூணுக்கு, இரண்டு டியூப்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை, 24 மணி நேரம் உலரவிட்டு. இந்த இடத்தில் ஹாட் க்ளூ போடக் கூடாது. ஜாக் லேசாகச் சூடானாலே இளகிவிடும். பேட்டரி புதிது, பேக்கின் பின்னால் அச்சிட்ட மாடல் எண்ணையும் கனெக்டரின் பின்களையும் ஒப்பிட்டு வாங்கியது. பழைய பேக்கைப் பிரித்து செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 11.4 வோல்ட் பேக்கில் ஒவ்வொரு செல்லும் 4.35 வோல்ட் வரை சார்ஜ் ஆகும். கடையில் எளிதாகக் கிடைக்கும் செல்கள் 4.2 வோல்ட்டுக்கானவை. அவற்றை 4.35-க்கு ஏற்றினால் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு ஜாக்கை விட்டுவிடலாமா என்றால், விடக் கூடாது. புதுப் பேட்டரி அந்த அறுபடல்களை மறைத்துவிடும், ஜாக் உள்ளே கருகிக்கொண்டே இருக்கும்.

சரிபார்த்தது

பத்து நிமிடம் ஆன் ஆகியிருந்தது என்பது சரிபார்ப்பு ஆகாது. எந்த நிலையில் செத்ததோ அதே நிலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ப்ரைம்95 ஓட, கம்பியை நாலா பக்கமும் அசைத்து, ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை: சார்ஜ் அடையாளம் ஒருமுறைகூட மறையவில்லை, பலகைப் பக்கம் 19.3-க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு சுமை ஓடும்போதே சார்ஜரை வேண்டுமென்றே பிடுங்கியது, பத்து முறை. பத்திலும் பேட்டரி ஏந்திக்கொண்டது. சார்ஜர் இல்லாமல் 40 சதவீதத்தில் 30 வாட் இழுத்தால் 10.8 வோல்ட்; கணக்குப்படி தடை 0.25 ஓம் அளவில். அப்படியே தீரும்வரை விட்டதில் 5 சதவீதத்தில் ஹைபர்னேட்டுக்குப் போனது. பதிவேட்டில் பேட்டரி கடைசி எல்லையைத் தொட்டதைச் சொல்லும் 524 எழுதப்பட்டிருந்தது. முறையாக மூடும் மெஷின் இப்படிக் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் மூடும்.

இரண்டு வாரம் கழித்து அதே வடிகட்டியைப் போட்டுப் பார்த்ததில் 41 இல்லை. 105 மொத்தம் 38. எதுவும் கொத்தாக இல்லை. காலையில் செருகியது, மாலையில் எடுத்தது என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.